ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு

ஃபேர் ஹேவன், மிச்சிகன்
பிப்ரவரி 26, 1962

"இது என்ன வண்டி?" பக்கத்தின் ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய புகைப்படம் அனுப்பினால் அதிலிருக்கும் கார் எந்த வருஷத்தது, எங்கே செய்தது என்றெல்லாம் கண்டுபிடித்துச் சொல்கிறீர்கள் என்று உங்கள் சங்கத்துச் செய்தி மடலில் பார்த்தேன். ஒரு படம் இணைத்திருக்கிறேன். உறைந்த ஏரி மேல் ஒரு கார் நிற்கிறது. கதவைத் திறந்து பிடித்தபடி பக்கத்தில் நிற்பவர் பெயர் ஜெரோம் லாபோர்ட். உங்களுக்கும் தெரிந்தவர்தான். உங்கள் அப்பா.

இருபத்திரண்டு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. அம்மா சாவுக்குத் தந்தி கொடுத்தேன். பூ வந்தது, ஆள் வரவில்லை. அதனால் தங்கை என்று எழுதாமல் வாசகி என்று எழுதுகிறேன். வாசகர்களுக்காவது ஒழுங்காகப் பதில் போடுகிறீர்கள்.

அம்மா கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்கப்பா ஏரியில போயிருந்தா என் பேருக்குப் பக்கத்துல அவர் பேரையும் வெட்டு. நம்மள விட்டுட்டுப் போயிருந்தா வெட்டாத. எவனோ ஒருத்தன் பக்கத்துல நான் படுக்க மாட்டேன்." மே முப்பது கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாள். அதற்குள் கல்லை நட்டாக வேண்டும். கல் வெட்டுகிற லுட்விக் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, ஒரு பேரா ரெண்டு பேரா?" என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

1922 பிப்ரவரியில் அப்பா ஏரியைத் தாண்டிக் கனடாப் பக்கம் விஸ்கி எடுக்கப் போனார். நீங்களும் கூடப் போனீர்கள். நீங்கள் மட்டும் நடந்து திரும்பினீர்கள். "அப்பா அங்கேயே இருந்துட்டாரு" என்றீர்கள். அம்மா நம்பினாள். நம்பிக்கொண்டே ஞாயிறு தவறாமல் படகுத்துறையில் போய் நின்றாள்.

சாவு வீட்டுக்கு மீன்பிடிக்கிற ஃபெரிஸ் வந்திருந்தார். மதுவிலக்குக் காலத்தில் அவரும் பனி மேல் சரக்கு கடத்தியவர்தான். உருளைக்கிழங்கைத் தட்டில் அள்ளிக்கொண்டே சொல்கிறார்: "வயோலா, நம்ம நாட்டுல செஞ்ச ஃபோர்டுல டிரைவர் பக்கம் கதவே கிடையாது. தகரத்துல கதவு மாதிரி கோடு இழுத்திருப்பான், அவ்வளவுதான். கனடால செஞ்சதுல ரெண்டு பக்கமும் கதவு. பனி உடைஞ்சா அந்த வண்டிக்காரன் குதிச்சிருவான். நம்ம வண்டிக்காரன் வண்டியோட போயிருவான். உங்கப்பாவோடது எந்த வண்டி?" அந்தக் குளிர்காலத்தில் அப்பா எத்தனை வண்டி மாற்றினாரோ, எல்லாம் மீன் கொட்டகையில்தான் நின்றன. எனக்கு ஒன்பது வயது. எனக்கெப்படித் தெரியும்?

இந்தப் படம் அம்மாவின் இழுப்பறையில், அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே கிடந்தது. பின்னால் "கடைசி வண்டி" என்று அவள் கையெழுத்து. வெளியே எடுத்து வைக்கவே மாட்டாள். "இது அவர் மாதிரியே இல்லடி, பார்த்தா பயமா இருக்கு" என்பாள்.

ஞாபகத்திலிருந்து பதில் சொல்ல வேண்டாம். உங்கள் ஞாபகத்தை நான் நம்பமாட்டேன். படத்தைப் பார்த்து, மற்ற வாசகர்களுக்குச் சொல்வதுபோலக் காரணம் காட்டிச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் பக்கம் கதவு உண்டா, இல்லையா?

இப்படிக்கு,
திருமதி வயோலா கெட்ஸ்


டூசான், அரிசோனா
மார்ச் 6, 1962

வயோலா,

உன் வாய் இன்னும் குறையவில்லை. நல்லது. அம்மா சாவுக்கு வராததற்கு நான் சொல்லக்கூடிய காரணம் எதையும் நீ ஏற்கப்போவதில்லை, ஆகவே எழுதவில்லை.

படத்தை மூன்று நாள் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். கேட்டபடியே வாசகிக்குச் சொல்கிறேன். இது ஃபோர்டு டி மாடல், இரண்டு பேர் உட்காரும் வகை. ரேடியேட்டரைச் சுற்றிப் பித்தளை இல்லை, கறுப்புத் தகடு. பித்தளை 1916-ஓடு போயிற்று. சக்கரத்து வளையத்தைக் கழற்றுவதற்கான நான்கு போல்ட்டுகள் தெரிகின்றன. அது 1919-ல் வந்தது. ஆக 1919 முதல் 1921-க்குள் ஏதோ ஒரு வருஷம். நம்பர் தகட்டின் மேல் பனி அப்பியிருக்கிறது. துணிக்கூரையும் பக்கத்துத் திரைகளும் மாட்டியிருப்பதால் ஸ்டீரிங் தெரியவில்லை. இந்தப் படத்தை அனுப்பியவர் நீயாக இல்லாவிட்டால் இதுவரைக்கும் ரொம்ப சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

இனி கதவு. வண்டியின் மூக்கு படத்தில் இடப்புறம் பார்த்து நிற்கிறது. அப்படியானால் நமக்குத் தெரிவது வண்டியின் இடது பக்கம், ஓட்டுகிறவர் பக்கம். அங்கேதான் கதவு திறந்திருக்கிறது. அமெரிக்காவில் செய்த வண்டியில் அந்த வருஷங்களில் அங்கே கதவு கிடையாது. ஃபெரிஸ் சொன்னது சரி. எனவே இது கனடாவில் செய்தது.

பனி உடைந்தாலும் அப்பா வெளியே குதித்திருக்க முடியும். நான் அன்றைக்குச் சொன்னதற்கு மாறாக இதில் ஒன்றும் இல்லை. லுட்விக்கிடம் ஒரு பெயர் போதும் என்று சொல்லிவிடு.

படத்தை நானே வைத்துக்கொள்ளட்டுமா? உனக்கு இனி எதற்கு?

எல்வின்


ஃபேர் ஹேவன்
மார்ச் 15, 1962

ஆசிரியர் அவர்களுக்கு,

பதில் கிடைத்தது. நன்றி. லுட்விக்கிடம் போய் "ஒரு பேர்தான்" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி குடிக்கிறியாம்மா?" என்றார். அவர் பட்டறையில் கல் தூசுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதீர்கள்.

அப்பாவின் தொப்பி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அம்மா சனிக்கிழமைதோறும் அதைத் தட்டித் துடைத்து மாட்டுவாள். உங்கள் கடிதம் வந்த அன்று அதை அடுப்பில் போட்டேன். ரோமம் கருகி வீடு முழுக்க நாற்றம். "இங்க ஒரு பொம்பள நாப்பது வருஷம் உனக்காக நின்னா, நீ அங்க யாரோட சாப்பிட்டுக்கிட்டிருந்த?" என்று அடுப்பைப் பார்த்துக் கத்தினேன். என் புருஷன் பயந்துபோய்க் கொல்லைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீடு சரியில்லை. விடிகாலையில் அம்மாவின் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்புவாளே, அதே சத்தம். போய்ப் பார்த்தால் நாற்காலி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு என் மேல் கோபமா என்று கேட்டுவிட்டேன், வாய்விட்டே கேட்டேன். தப்பாக ஏதோ செய்துவிட்டேன் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் கதவு உண்டு என்கிறீர்களே, நான் வேறு என்ன செய்ய?

படத்தைத் திருப்பி அனுப்புங்கள். அது அம்மாவுடையது. உங்களுக்குத் தர எனக்கு மனசில்லை.

வயோலா கெட்ஸ்


டூசான்
மார்ச் 25, 1962

வயோலா,

தொப்பியை ஏன் எரித்தாய்? அவசரக்காரி. ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா?

படம் இதோடு வருகிறது. அதை இரண்டு முறை உறையில் போட்டு இரண்டு முறை வெளியே எடுத்தேன். மூன்றாம் முறை தபால் பெட்டி வரை போய்க் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடப் போகிறேன்.

எனக்கு மாதம் முப்பது நாற்பது படம் வருகிறது. கல்யாண ஊர்வலம், சுற்றுலா, குழந்தையை முன்சக்கரத்தின் மேல் உட்கார வைத்த படம். எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் முதலில் பார்ப்பது திரையைத்தான். திரை மாட்டிய வண்டியாக இருந்தால் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல் என்னால் அடுத்ததுக்குப் போக முடியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஊரில் ஏரி கிடையாது, ஆறுகூட வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். அதற்காகத்தான் இங்கே வந்தேன்.

லுட்விக்கைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஏன் என்று கேட்காதே.

எல்வின்


ஃபேர் ஹேவன்
ஏப்ரல் 4, 1962

எல்வின்,

இனி ஆசிரியருமில்லை, நீங்களுமில்லை. நீ பொய்யன்.

சலவைக் கடையில் இருபத்தாறு வருஷமாக ஊராரின் கோட்டைப் பிரித்துத் தைக்கிறவள் நான். இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது அப்பா முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை, அது என் முட்டாள்தனம். நீ அனுப்பியது செவ்வாய்க்கிழமை வந்தது. கடையிலேயே உறையைப் பிரித்தேன். பக்கத்தில் ஒரு வக்கீலின் கோட்டு, பொத்தான் தைப்பதற்காக மேஜை மேல் கிடந்தது. அதைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். அப்பாவின் கோட்டில் வலது பக்கம் இடது பக்கத்தின் மேல் ஏறி மூடியிருக்கிறது. மார்புப் பை வலது பக்கம் இருக்கிறது. பெண்கள் கோட்டைத்தான் அப்படித் தைப்பார்கள். அப்பா என்ன, பெண் கோட்டா போட்டுக்கொண்டு விஸ்கி எடுக்கப் போனார்?

துணி போட்டுப் பார்க்கிற நிலைக்கண்ணாடி முன்னால் படத்தைப் பிடித்தேன். அங்கே அப்பா வந்து நின்றார். அதே வகிடு, அதே கோணல் சிரிப்பு. "அவர் மாதிரியே இல்லடி" என்று அம்மா பயந்தது இதைத்தான். படம் அச்சுப் போட்டவன் நெகட்டிவைத் திருப்பி வைத்துப் போட்டிருக்கிறான். இடம் வலம் மாறிவிட்டது. அப்படியானால் திறந்திருப்பது வண்டியின் வலது கதவு. ஓட்டுகிறவர் பக்கம் கதவு இருந்ததற்கு இந்தப் படத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

யாருக்கும் கண் தவறும் என்று விட்டிருப்பேன். ஆனால் உன் பக்கத்தை ஒன்பது வருஷமாக ஒரு இதழ் விடாமல் படிக்கிறேன், உனக்குத் தெரியாது. போன அக்டோபரில் ஓஹையோக்காரர் ஒருவரை என்ன கிழி கிழித்தாய்! "முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் ஆளின் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள், படம் திரும்பியிருந்தால் அது சொல்லிவிடும்" என்று எழுதியது யார்? நீ மூன்று நாள் பூதக்கண்ணாடியில் பார்த்தாயாம்.

நீ அந்த வண்டியில் உட்கார்ந்தவன். கதவு இருந்ததா? இந்தத் தடவை படத்தைப் பார்க்க வேண்டாம். ஞாபகத்திலிருந்தே சொல்.

வயோலா


டூசான்
ஏப்ரல் 13, 1962

வயோலா,

கதவு இல்லை.

படத்தை உறையிலிருந்து எடுத்த உடனேயே பொத்தானைப் பார்த்தேன். இவள் கோட்டுத் தைக்கிறவள், கண்டுபிடிக்காமல் இருக்கமாட்டாள் என்று அப்போதே தோன்றியது. இருந்தும் அப்படி எழுதினேன். கை தானாக அந்தப் பழைய பொய்யையே எழுதியது.

அது டெட்ராய்டில் செய்த வண்டி. கதவு வலது பக்கம் மட்டும்தான், அதாவது நான் உட்கார்ந்த பக்கம். பனி மேல் போகும்போது அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது: அந்த ஒரு கதவைத் திறந்து கூரைக் கம்பியோடு கயிற்றால் கட்டிவிட வேண்டும், கரை ஏறும்வரை அவிழ்க்கக் கூடாது. பனி உடைந்தால் முதலில் நான், என் பின்னாலேயே அவர். ஏரியைத் தாண்டின எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

பிப்ரவரி பதினொன்று, சனிக்கிழமை. சாயங்காலம் நான்கு, நாலரை இருக்கும். பின்னால் பன்னிரண்டு பெட்டி. காற்று கத்தியாக வீசியது. நான் சொன்னேன், "அப்பா, காது அறுந்து விழுது. கொஞ்ச நேரம் கதவ மூடிக்கிறேனே." அவர் முதலில், "சும்மா வாடா, பொண்ணு மாதிரி" என்றார். நான் விடவில்லை. "சரி, மூடித் தொலை. கரைதான் தெரியுதே" என்றார். கயிற்றை அவிழ்த்து மூடிக்கொண்டேன். திரையையும் கொக்கி போட்டு மாட்டினேன். கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

கப்பல் போக ஏரிக்குள் ஆழமாகத் தோண்டிய கால்வாய்க்கு மேலே வந்தோம், அங்கே பனி மெல்லிசு. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். அவர் பக்கத்துச் சக்கரம் இறங்கியது. "குதிடா!" என்றார். கதவைத் தள்ளிக் குதித்தேன். திரை பாதி கிழிந்து மீதி தொங்கியது. விழுந்த வேகத்தில் என் கால் கதவை உதைத்ததா, காற்று தள்ளியதா, சத்தியமாகத் தெரியாது. கதவு மூடிக்கொண்டது. உனக்குத் தெரியுமோ என்னவோ, அந்த வண்டிக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கை விட்டுத்தான் திறக்க வேண்டும்; தண்ணீர் ஏறி அழுத்தினால் உள்ளிருந்தும் தள்ள முடியாது.

நான் எட்டடி தள்ளிப் பனி மேல் கிடந்தேன். எட்டடிதான், எத்தனையோ தரம் அளந்து பார்த்திருக்கிறேன். அவர் என் இருக்கைப் பக்கம் ஊர்ந்து வருவது தெரிந்தது. திரையில் அவர் கை வந்து அழுத்தியது. ஐந்து விரலும் தெரிந்தன. என் பெயரைச் சொன்னார். திட்டவில்லை, பெயரைத்தான் சொன்னார். அந்த எட்டடியை நான் தாண்டவில்லை, வயோலா. அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இருப்பது நம் வீட்டு வாசல்.

அம்மா கதவைத் திறந்து, "அவர் எங்கடா?" என்றாள். கதவை மூடியது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? "அங்கேயே இருந்துட்டாரு" என்று வாய் சொல்லிவிட்டது. ஒரு ராத்திரிக்குச் சமாளிக்கத்தான் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் "திரும்பி வந்துருவாரு, பாரேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பிடுங்க முடியவில்லை. 1940-ல் நீ என்னை வாசலில் நிறுத்தி, "அவர் வர மாட்டாருன்னு அவகிட்ட நீயே சொல்லு, அவ நிக்கிறத நிறுத்தட்டும்" என்று சண்டை போட்டாயே, அன்றைக்கு நாக்கு நுனி வரை வந்தது. காரில் ஏறி ஓடிவிட்டேன்.

லுட்விக்கிடம் இரண்டு பெயர் என்று சொல். என்னை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அப்பாவைச் சாக விட்டு ஓடி வந்தவன் நான்.

எல்வின்


ஃபேர் ஹேவன்
ஏப்ரல் 22, 1962

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா நின்ற ஞாயிறுகளைக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியிலேயே காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டாயிரம் தாண்டும். மழையில், பனியில், கால் வீங்கின பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு. படகிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆண் முகத்தையும் பார்ப்பாள். அதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியவில்லை. மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் உன் கடிதத்தில் ஒன்று தப்பு. அதை நான் திருத்த வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு வீட்டில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நீ வந்த அன்று அம்மா இருட்டில் உன்னிடம் பேசிவிட்டு வாசலிலேயே ஏரியைப் பார்த்து நின்றுவிட்டாள். அடுப்படியில் உன் கோட்டைக் கழற்றியது நான். உனக்கு அது ஞாபகம் இல்லையா? கோட்டின் இரண்டு கையும் தோள் வரைக்கும் பனியாக உறைந்து, மடக்க முடியாமல் விறைத்து நின்றன. கழற்றினபோது உடைகிற சத்தம் கேட்டது. மார்புப் பக்கம் முழுக்க ஐஸ். கால்சட்டை முட்டிக்குக் கீழே காய்ந்திருந்தது, பூட்ஸுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உன் வலது கையில் மூன்று நகம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. நான் அதற்குப் பன்றிக் கொழுப்புத் தடவித் துணி சுற்றினேன். நீ பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

நீ வண்டிகளைப் பார்த்துச் சொல்வாய், நான் துணியைப் பார்த்துச் சொல்கிறேன். எட்டடி தள்ளிக் கிடந்தவனுக்குத் தோள் வரை கை நனையாது. ஓடி வந்தவனுக்கு நகம் பிய்யாது. காலில் ஈரம் இல்லாமல் மார்பும் கையும் மட்டும் நனைகிறதென்றால் அவன் பனி மேல் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டிருக்கிறான். வெகுநேரம் விட்டிருக்கிறான். நீ போனாய், எல்வின். அந்த எட்டடியைத் தாண்டினாய். உன்னால் திறக்க முடியவில்லை, அதுதான் நடந்தது.

இப்போது என் முறை. அந்தக் கோட்டை நான் அம்மா கண்ணில் படாமல் விறகுக் கொட்டகையில் கொண்டு போய் ஒளித்தேன். காய்ந்த பிறகு எடுத்து வந்து ஆணியில் மாட்டினேன். ஒன்பது வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்பாய். எனக்குத் தெரிந்தது. கனடாவிலிருந்து பனி மேல் நடந்து வந்தவன் கோட்டில் ஏன் இவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டால் அப்பா செத்துப்போவார், கேட்காவிட்டால் கனடாவில் இருப்பார். அதனால் கேட்கவில்லை. அப்புறம் கேட்கிற வயசு வந்தபோது, இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று அம்மா கேட்பாளே என்று பயந்து கேட்கவில்லை. உன்னோடு வாசலில் சண்டை போட்டதுகூட, நீயே சொல்லித் தொலைக்க மாட்டாயா, நான் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள மாட்டேனா என்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் படகுத்துறையில் அவள் பக்கத்தில் தோளைக் கொடுத்துக்கொண்டு நானும் நின்றேனே, நானும் அந்த முகங்களைப் பார்ப்பதுபோல நடித்தேனே. கதவு உண்டு என்று நீ எழுதியதும், நான் பார்த்த கோட்டுத்தான் பொய் என்று அதையே பிடித்துக்கொண்டேன்.

லுட்விக் இரண்டாவது பெயரை வெட்டிவிட்டார். பிப்ரவரி 11, 1922 என்று தேதியும் போட்டாயிற்று. கல் அடுத்த வாரம் நடுகிறார்கள்.

நீ மே முப்பதுக்கு வா. கண்டிப்பாக வா. ரயில் டெட்ராய்டுக்கு வரும் நேரத்தை எழுது, நான் வந்து நிற்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லியாக வேண்டும், கல்லிடமாவது சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. நீ அந்தக் கதவைப் பற்றிச் சொல், அந்தக் கோட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

வயோலா